கதவு பூட்டு

மஞ்சக்குப்பத்தில் ஒரு நாளைக்கு நூற்றுப்பத்து வீடு.
வெள்ளை அட்டையைக் கேட்டு வாங்கி
எண்ணைக் குறித்து, கையெழுத்துப் போட்டு,
நாய் இருக்கிற வீட்டில் கேட்டுக்கு வெளியே நின்று
குரல் கொடுத்து, அடுத்த வீடு.

ஆளில்லாத வீட்டுக்கு நாங்கள் எழுதுவது இரண்டு சொல்:
கதவு பூட்டு.
போன முறை வந்த தொகையே
அங்கே இந்த முறையும் வரும்.
உள்ளே விளக்கு எரிந்ததா, யாராவது இருந்தார்களா,
கேள்வி கிடையாது.
எட்டு வருடம் நான் அப்படித்தான் கட்டினேன்.

கருணை அடிப்படையில் வந்த வேலை.
கருணைக்கு ஒரு கோப்பு எண் உண்டு.
வாரிசுச் சான்றிதழ், மூன்று நகல்.
பாடலீஸ்வரன், லைன்மேன்,
புயல் கரையேறிய ஐந்தாம் நாள்
வண்ணாரப்பாளையத்துக் கம்பத்தில்.
யாரோ வீட்டு ஜெனரேட்டர்
அணைந்த கம்பிக்குள் திருப்பி அனுப்பிய மின்சாரம்.
இவ்வளவும் கோப்பில் இருக்கிறது.

கோப்பில் இல்லாதது, எங்கள் வீட்டிலும்
அன்று ஐந்தாம் நாள் இருட்டு என்பது.
மோட்டார் ஓடாமல் தொட்டி காலி.
குடத்தோடு இரண்டு தெரு நடந்து வந்திருந்தேன்.
அவன் நின்றுகொண்டே சாப்பிட்டான்.
"ஊருக்கெல்லாம் வெளக்கு போடுற,
ஒன் வீட்ட ஒருநாள் பாத்தியா?
போ. போய்த் தொலை."
செருப்பை மாட்டினான். டிபன் டப்பாவை எடுக்கவில்லை.
மறந்தானா, விட்டுப் போனானா.
தெருமுனை வரைக்கும் கூப்பிடு தூரம்தான்.
கூப்பிடவில்லை.

தொலைந்தான்.

அதன்பின் எந்த வீட்டு மீட்டரில் சக்கரம் சுற்றினாலும்
அவன் இழுத்துக் கட்டிய கம்பி அது என்று
கண் வேறு பக்கம் போகும்.
விதி என்றார்கள். கண் பட்டுவிட்டது என்றார்கள்.
தலையாட்டினேன்.
நான் சொன்னதை நான் மட்டும் அறிவேன்.

சித்திரையில், புதுப்பாளையத்தில்,
ஒருத்தி உள்ளேயிருந்து மகனிடம் கத்தினாள்,
"கிரிக்கெட்டா? போய்த் தொலை!"
பையன் மட்டையோடு சிரித்துக்கொண்டே ஓடினான்.
எனக்கு எண் தெரியவில்லை.
கதவு பூட்டு என்று எழுதிவிட்டேன்.
"இன்னாம்மா, தொறந்துதான கெடக்குது"
என்றாள், ஈரக் கையோடு வாசலில் வந்து.

அரசு மருத்துவமனையில் அதற்குப் புதன்கிழமை.
முதல் புதன், சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும்.
இரண்டாம் புதன், சீட்டு எழுதும் இடத்தில்
தலைவலி என்று சொல்லி
மாத்திரை வாங்கித் திரும்பினேன்.
மூன்றாம் புதன் பெஞ்சில் உட்கார்ந்தேன்.
"அஞ்சலாட்சி யாரு?"
அஞ்சல் என்றால் பயம்.
பயப்படாதே என்றும் பொருள் சொல்கிறது அகராதி.
எது என்று தெரியாமலே எழுந்தேன்.

என்னைவிடச் சின்னவள்.
அடையாள அட்டை திரும்பிக் கிடந்ததால் பெயர் தெரியாது.
சொன்னேன். கேட்கவில்லை அவளுக்கு.
எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள்.
கத்திரி வெயில். தேவனாம்பட்டினத்துக் காற்று
அந்த அறை வரைக்கும் வராது.
இரண்டு பேருக்கும் வேர்த்து ஊற்ற
அந்த இரண்டு சொல்லை மறுபடி சொன்னேன்.
சுவரில் பட்டுத் திரும்பி வந்தது, என் குரலிலேயே.

உன் தப்பில்லை என்று அவள் சொல்லவில்லை.
"அப்புறம்?" என்றாள்.

அப்புறம் என்று யாரும் கேட்டதில்லை.
அப்புறம் டப்பாவைத் திறந்தேன், ராத்திரி,
எல்லாம் முடிந்து.
எலுமிச்சை சாதம்.
கூட உருளைக்கிழங்கு, முறுக வறுத்தது.
கடையெல்லாம் மூடிக் கிடந்த அந்த வாரத்தில்
எங்கே தேடி வாங்கினேன் உருளைக்கிழங்கு?
அவனுக்குத்தான் அது பிடிக்கும்.
எனக்கு வாயு.
பேச்சு அங்கே நின்றுவிட்டது.
எவ்வளவு நேரம் அழுதேன் என்று குறித்துக்கொள்ளவில்லை.

லேசாகவெல்லாம் ஆகவில்லை.
வெளியே வந்து ஐஸ் போடாமல் கரும்புச் சாறு குடித்தேன்.
இன்னும் நாற்பது வீடு பாக்கி இருந்தது.
வண்ணாரப்பாளையத்துச் சுற்றை
எட்டு வருடமாய் செந்தாமரையோடு மாற்றிக்கொள்கிறேன்.
திருப்பிக் கேட்க வேண்டும்.
இந்தச் சுற்றில் இல்லை. அடுத்ததில் பார்க்கலாம்.

சீட்டில் அடுத்த புதனுக்குத் தேதி போட்டிருக்கிறது.
மடித்து, ரீடிங் மெஷின் உறைக்குள் வைத்திருக்கிறேன்.